வெளியில பனி, தலைக்கு மேல மழை: கூரை வென்ட் பட்ட பாடு

பனிவண்டி, ஒன்ராறியோ

போன மாசி மாதம் அல்கொன்குவின் பூங்காவில, மியூ லேக் முகாமில ரெண்டு இரவு நிண்டம். அங்க பனிக்காலத்திலயும் இடம் திறந்திருக்கும், கரண்டும் எடுக்கலாம். அதை நம்பித்தான் உள்ளுக்கயே படுத்துச் சமைக்கிற எங்கட கேம்பர் வானைக் கொண்டு போனது. முதல் இரவு வெளியில மைனஸ் 24. உள்ளுக்க ஹீட்டர் 18 பாகையில ஓடுது, ஆனா படுத்தால் உச்சந்தலையில ஆரோ ஐஸ்கட்டி வச்ச மாதிரிக் கிடக்கு. மேல பார்த்தால் கூரை வென்ட், காத்துப் போக விட்ட துவாரம். 14 அங்குலச் சதுர ஓட்டை, அதுக்கு மேல ஒற்றைப் பிளாஸ்ரிக் மூடி. எங்களுக்கும் வானத்துக்கும் இடையில அவ்வளவுதான்.

அந்த அளவுக்கெண்டே விக்கிற வென்ட் தலையணை ஒண்டு முன்னமே வாங்கி வச்சிருந்தன். உள்ளுக்கப் பஞ்சு, ஒரு பக்கம் வெள்ளித்தாள். எடுத்துத் திணிச்சன், குளிர் நிண்டுது. மனிசியைப் பார்த்து "எப்பிடி?" எண்டு கொஞ்சம் எடுப்பாவும் கேட்டுப்போட்டன்.

விடிய எழும்பிப் புட்டு அவிச்சம். அரை மணித்தியாலம் போகேல்லை, என்ர பிடரியில சொட்டுச் சொட்டாத் தண்ணி. தலையணையை இழுத்தால் ஊறின பஞ்சு. மூடியின்ர உள்பக்கம் விரல் தடிப்புக்கு வெண்பனி.

பிறகு இருந்து யோசிச்சால் விஷயம் சின்னன். தலையணை சூட்டை மறிச்சுது, ஈரத்தை மறிக்கேல்லை. முந்தி உள்சூடு மூடி வரைக்கும் போனது, தண்ணி பிடிச்சாலும் கண்ணுக்குத் தெரியும், துணியால துடைக்கலாம். தலையணை வச்ச பிறகு மூடி கிட்டத்தட்ட வெளிக்குளிருக்கே இறங்கிட்டுது. ரெண்டு பேரின்ர மூச்சு, கொழுவி வச்ச ஈரக் காலுறை, எல்லாம் சேர்ந்த ஈரக்காத்து ஓரத்தால ஏறி அங்க போய் இரவு முழுக்க உறைஞ்சுது. காலமை புட்டு ஆவி அதை உருக்கினது. ஈரமானி 18 பாகை, 60 வீதம் எண்டு காட்டினால், 10 பாகைக்குக் கீழ இருக்கிற எந்தப் பரப்பிலயும் தண்ணி பிடிக்கும். மைனஸ் 24 இல கிடக்கிற மூடியைப் பற்றிக் கேக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து ஹார்ட்வேர் கடையில விக்கிற 2 அங்குலத் தடிப்பு நீல ஃபோம் பலகை வாங்கினன். அது தண்ணி குடிக்காது. ஓட்டையை விடக் கொஞ்சம் பெரிசா வெட்டி, ஓரம் சுத்திக் கதவுக்கு ஒட்டுற ரப்பர் பட்டி ஒட்டி, இறுகத் தள்ளினன். அதோட வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சன், இல்லை. வென்டைச் சுத்தியிருக்கிற சட்டத்தின்ர ஆணித் தலைகளில ஒவ்வொரு முத்துத் தண்ணி நிண்டுது. ஆணி கூரையைத் துளைச்சுக்கொண்டு குளிரைக் கீழ கொண்டுவருது. அதால சட்டத்தையும் சேர்த்து மூடுற மாதிரி இன்னொரு மெல்லிய பலகை, வெல்குரோவால. இப்ப காய்ஞ்சு கிடக்கு. உங்கட கதை என்ன?

ஃபியோர்ட்காரன், நோர்வே

எங்கட வண்டியில 40 சதமமீற்றர் சதுரக் கூரை யன்னல், ரெட்டைத் தட்டு அக்ரிலிக். அதால உங்கட அளவுக்கு மூடி உறையாது. ஆனா ஒரு மடைவேலை செய்தன், சொல்லுறன். ட்ரொம்சோவுக்குப் போற வழியில காத்து ஊளையிட்டுது. யன்னல் சட்டத்தில எப்பவும் திறந்தபடி ஒரு நீட்டு வெட்டு இருக்கும், அதுக்குள்ளாலதான் குளிர் வந்தது. ரேப் எடுத்து முழுக்க ஒட்டினன். கீழ தரையில இருந்த ஓட்டைக்கும் ஒரு துவாயை அடைஞ்சன். கேஸ் அடுப்பில சூப் கொதிக்கேக்க காபன் மொனொக்சைட் எண்ட நச்சுவாயுவுக்கு வச்ச அலாரம் கத்தத் தொடங்கிட்டுது. பிள்ளையளைப் போர்வையோட தூக்கிக்கொண்டு பனிக்குள்ள நிண்டம்.

அந்த வெட்டு தயாரிச்சவன் விட்ட பிழை இல்லை. ஐரோப்பாவில ஈஎன் 721 எண்ட தரமே இப்பிடி அடைக்க ஏலாத காத்துவழி இருக்கவேணும் எண்டு கேக்குது. ஃபோம் வைக்கிறவை தயவுசெய்து அதைப் பார்த்து வையுங்கோ. அலாரம் இல்லாட்டி வென்டைத் தொடாதேங்கோ.

கால்கரி சுந்தரி, ஆல்பர்ட்டா

எங்க கதை வேற மாதிரிங்க. வென்ட்தான் வில்லன்னு ரெண்டு சீசன் திட்டிட்டு இருந்தோம். கூரை, ஜன்னல், மெத்தைக்கு அடியில, எங்க கை வெச்சாலும் ஈரம். மெத்தையில கறுப்புப் பூஞ்சை வேற. கடைசில பாத்தா நாங்க சூட்டுக்கு வெச்சிருந்த சின்ன புரொப்பேன் ஹீட்டர்தான் காரணம். புகைக்குழாய் கிடையாது, எரியறது எல்லாம் உள்ளயே. ஒரு கிலோ புரொப்பேன் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வருதுங்க! ராத்திரி பூரா நாமளே ஒரு குடம் தண்ணிய உள்ள தெளிச்சிட்டுத் தூங்கற மாதிரி. வெளிய புகை விடற டீசல் ஹீட்டர் மாத்தினதும் பாதிப் பிரச்சினை போச்சு.

இன்னொண்ணு. பான்ஃப்ல ஒரு காலைல மூடி உறைஞ்சு ஒட்டிக்கிட்டதைத் தெரியாம எங்க வீட்டுக்காரர் கைப்பிடியை வேகமாச் சுத்தினார். டக்குன்னு ஒரு சத்தம், உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் காலி. மூடி திறக்கவும் இல்ல, அப்புறம் சரியா மூடவும் இல்ல. ஃபோமை எடுத்துட்டு அரை மணி உள்சூடு படவிட்டு அப்புறம் சுத்துங்க. ஊட்டில மூணு டிகிரிக்கே குரங்குக் குல்லா போட்ட ஆளுங்க நாங்க, இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?

புதுசு, வான்கூவர்

வெள்ளி நிறக் குமிழ்த்தாள் மட்டும் வெட்டி ஒட்டினாப் போதாதா? வெலை கம்மியா இருக்கே.

பனிவண்டி

தம்பி, அது சூட்டைத் திருப்பி அனுப்பிறதுக்கு வெள்ளிப் பக்கத்துக்கு முன்னால காத்து இடைவெளி வேணும். மூடியோட ஒட்ட ஒட்டினால் மெல்லிய குமிழ்த்தாள்தான், பெரிசா ஒண்டும் தடுக்காது. வான்கூவர் குளிருக்குச் சமாளிக்கலாம், ஆனா அங்கத்தை ஈரத்துக்கு ஓரம் இறுக்கமா இருக்கிறதுதான் முக்கியம்.

நோர்வே அண்ணை சொன்னதைப் படிச்சிட்டு ஓடிப்போய் என்ர அலாரத்தின்ர திகதியைப் பார்த்தன், காலாவதி. புதுசு வாங்கியாச்சு. கட்டிலுக்கு மேல இருக்கிறதை மட்டும் அடைச்சு வச்சிருக்கிறன். விசிறி இருக்கிற சமையல் பக்க வென்ட் ஒரு விரல் அளவு எப்பவும் திறந்தபடி, முன் யன்னலும் ஒரு நூல் இறக்கி. காத்து உள்ள வராட்டி விசிறி எதை வெளியில தள்ளும்? சூடு கொஞ்சம் போகுதுதான், ஹீட்டருக்குக் கூடச் செலவு. மனிசி புட்டை மட்டும் விடமாட்டன் எண்டுட்டா. அவ நீத்துப்பெட்டியைத் தூக்கினால் நான் விசிறியை முழு வேகத்தில போட்டிட்டு ஜக்கெற்றை மாட்டுறன்.