நாலு ஆணியை முதலில் பாருங்கள்: எங்கள் பைன்வுட் டெர்பி அனுபவம்

ஜனவரி வந்தால் அமெரிக்காவில் கப் ஸ்கவுட் (சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவு) பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பைன்வுட் டெர்பி பேச்சுதான், அதாவது பிள்ளைகள் மரக்கட்டையில் சின்ன கார் செய்து ஓட்டுகிற பந்தயம். கிட் கைக்கு வந்துவிட்டது, என்ன செய்வது என்று தெரியவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். என் மகள் இரண்டாம் வகுப்பு, உல்ஃப் டென் (டென் என்பது ஒரே வயதுப் பிள்ளைகளின் சின்னக் குழு, பல டென் சேர்ந்தது ஒரு பேக்). இந்த வருஷம் கார் செய்து ஓட்டி முடித்தோம், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கிட் என்பது பெரிதாக ஒன்றுமில்லை. 7 அங்குல நீளத்தில் ஒரு பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்குப் பதிலாக நாலு ஆணி. மோட்டார் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. சரிவான தடத்தின் உச்சியில் நிறுத்தி விடுவார்கள், கீழே வருவது முழுக்கப் புவியீர்ப்பால்தான். எல்லாக் காரும் ஒரே உயரத்திலிருந்து கிளம்புகிறது, எடையும் அதிகபட்சம் 5 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 142 கிராம். அப்படியென்றால் ஒரு கார் முந்துவதும் இன்னொன்று பிந்துவதும் பெரும்பாலும் எதில் முடிவாகிறது? உராய்வில் எவ்வளவு வேகம் வீணாகிறது என்பதில். இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பெயின்ட்டிலும் வடிவத்திலும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் கார் சாதாரண ஆப்பு வடிவம்தான். கட்டையில் அவள் பென்சிலால் கோடு போட்டாள், நான் ரம்பத்தால் அறுத்தேன், உப்புத்தாள் தேய்த்ததும் ஊதா பெயின்ட் அடித்ததும் அவள். மரவேலை அவ்வளவுதான், ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் ஆணிக்குத்தான்.

கிட்டில் வரும் ஆணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்குக் கீழே, கழுத்துப் பக்கம், ஆணியைத் தயாரித்தபோது விழுந்த பிசிறு சின்ன மேடாக நிற்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. என் மகள் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்க மாட்டுது, இங்கயும் மாட்டுது" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். சக்கரம் சுற்றும்போது அந்த மேட்டில்தான் உரசும். ஆணியை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு (கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு), முதலில் சின்ன அரத்தால் பிசிறை எடுத்தோம். அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளை நனைத்து மெல்லிய பட்டையாக வெட்டி அவள் பிடித்தாள், அதிலிருந்து 600, 1000, 2000 என்று போனோம். கடைசியில் ஆணி பளபளவென்று இருந்தது, நகம் வழுக்கிக்கொண்டு போனது. ஏழு வயதுக் குழந்தை முழுசாகச் செய்யக்கூடிய வேலை இது. டிரில் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

மசகுக்குக் கிராஃபைட் தூள். பல பேக்குகளில் எண்ணெய்க்கு அனுமதி இல்லை. சக்கரத் துளையில் தூளைப் போட்டு, ஆணியை நுழைத்து, சுற்றிவிட்டு, மறுபடி தூள். இதைச் செய்தித்தாள் விரித்து வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், இந்தக் கரி கார்ப்பெட்டில் பட்டால் போகவே போகாது.

எடைக்கு டங்ஸ்டன் வாங்கினோம். விலை அதிகம்தான். ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் இதற்கு 19.3, அதனால் சின்ன இடத்தில் அடங்கிவிடும், பிள்ளைகள் கையில் ஈயம் படுகிற பயமும் இல்லை. எடையைப் பின்பக்கம் வையுங்கள். கார் சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தான் மேலே இருக்கிறது, எடை அங்கே இருந்தால் அது இறங்குகிற உயரம் கொஞ்சம் கூடும், அந்தக் கொஞ்சம் வேகமாக மாறும். பின் அச்சுக்கு ஒரு அங்குலம் முன்னால் விரலை வைத்துத் தூக்கினால் கார் சமமாக நிற்க வேண்டும். அதைவிடப் பின்னால் கொண்டுபோனால் முன்பக்கம் லேசாகி, தடத்தில் ஆட ஆரம்பித்துவிடும். இன்னொன்று, வீட்டுத் தராசும் பேக்கின் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்பாதீர்கள். ஒரு சின்ன எடையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி அடியில் வையுங்கள். பந்தயத்துக்கு முந்தைய இரவு எடை பார்த்த மேசையில் எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

அந்த மேசையில் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற பையனின் கார் கடையில் வாங்கியது போல இருந்தது, அத்தனை நேர்த்தி. என் மகள் ஆசையாக, "ஆணியை எப்படித் தேய்ச்ச?" என்று கேட்டாள். அவன், "எனக்குத் தெரியாது, அப்பா என்னைத் தொட விடல" என்றான். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இந்தப் பந்தயத்தை ஆரம்பித்த டான் மர்ஃபி, நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர், சோப் பாக்ஸ் டெர்பியில் (பிள்ளைகள் மோட்டார் இல்லாத காரில் உட்கார்ந்து சரிவில் ஓட்டுகிற பந்தயம்) ஓட்ட வயது போதாத தன் பையனுக்காக யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இது. 1953 மே 15, கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் முதல் பந்தயம். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணமே. பெரியவர்களுக்கு ஆசை இருந்தால் தப்பே இல்லை, பல பேக்குகளில் பெற்றோருக்கும் அண்ணன் தங்கைகளுக்கும் தனியாக ஒரு பந்தயம் வைக்கிறார்கள். உங்கள் பேக்கில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், அங்கே உங்கள் காரை ஓட்டுங்கள்.

பந்தய நாளில் ஒவ்வொரு காரும் எல்லாத் தடத்திலும் ஒருமுறை ஓடும், ஒரு தடம் வேகம் ஒன்று மந்தம் என்ற பேச்சு வராமல் இருக்க. ஒரு ஓட்டம் இரண்டரை, மூன்று விநாடிதான். எலக்ட்ரானிக் டைமர் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிறது, அந்தக் கடைசி இலக்கத்தில்தான் இரண்டு கார்கள் பிரிகின்றன. ஊதா கார் டென்னில் மூன்றாவது வந்தது, பேக் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அவள் அழவில்லை, ஜெயித்த பெண்ணின் காரைத் திருப்பிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காரில் முன்சக்கரம் ஒன்று தரையைத் தொடாமல் தூக்கி இருந்தது. மூன்று சக்கரம் மட்டும் உருண்டால் நாலாவதைச் சுற்றவைப்பதில் வேகம் வீணாகாது. சில பேக்குகளில் இதற்கு அனுமதி உண்டு, சிலவற்றில் நாலும் தொட வேண்டும், எனவே ஆணியைக் கட்டையில் அடிப்பதற்கு முன் உங்கள் பேக் விதித்தாளை ஒரு தடவை படித்துவிடுங்கள். முன் ஆணியை லேசாக வளைத்து, தடத்தின் நடுவில் இருக்கிற பட்டையை ஒட்டியே காரை ஓடவிடுகிற முறையும் இருக்கிறதாம், அதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு வளைத்தீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த வருஷத்துக்கு இப்போதே கேட்கிறாள்.