புதுப்பிப்பு: வெல்டிங் பட்டறை ஏர் கிளீனரில் 'பட் பட்' சத்தம் நின்றுவிட்டது

கோவையில் எங்கள் வெல்டிங் பட்டறையில் கூரையிலிருந்து தொங்கும் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஏர் கிளீனரில் (புகைத்துகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, உலோகத் தகடுகளில் ஒட்டவைத்துக் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி), தகடுகளைக் கழுவி மாட்டியதிலிருந்து விடாமல் 'பட் பட்' என்று மின்பொறி பறக்கிறது, புகையும் குறையவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஈரம்தான் காரணம் என்று சொன்னதை முதலில் செய்து பார்த்தேன். தகட்டுப் பெட்டியைக் கழற்றி, சாய்த்து வைத்து, ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் காயவிட்டேன். சத்தம் பாதி குறைந்தது. மீதியைத் தீர்த்தது, "அயனியாக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்" என்ற யோசனை. புகைத்துகளுக்கு மின்னேற்றம் கொடுப்பவை இந்தக் கம்பிகள்தான். டார்ச் அடித்துப் பார்த்தால், தலைமுடி போல மெல்லிய கம்பி ஒன்று அறுந்து, சுருண்டு, தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கம்பி தொட்டாலும் அந்தப் பெட்டி ஷார்ட் ஆகி, புகைத்துகள் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்விடும். புதுக் கம்பி மாட்டியதும் சரியாகிவிட்டது.

பிரஷ் போட்டுத் தேய்த்ததில்தான் அறுந்திருக்க வேண்டும். இனி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசுவதோடு சரி. காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அலுமினியத் தகட்டை அரித்துவிடும். அப்புறம், மின்சாரத்தை நிறுத்தியதும் உடனே கை வைக்காதீர்கள். தகட்டில் மின்னேற்றம் கொஞ்ச நேரம் தங்கும்.

எதிர்பாராத ஒன்று: திரும்ப மாட்டும்போது, கிளீனரிலிருந்து வந்து எதிர்ச்சுவரில் மோதிக்கொண்டிருந்த காற்றை நீளச்சுவரை ஒட்டி ஊதும்படி திருப்பினோம். இப்போது கடைக்கோடி மேஜையில் தேங்கி நின்ற புகையும் சுற்றி வந்து உள்ளே போகிறது.