நெல் வந்து சேர்ந்தும் வெற்றி கிடைக்கவில்லை: வெஸ்னாத் காட்சி ஒன்றில் உதவி தேவை

திருமங்கலம் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்துக்கு அருகில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் வரலாறு கற்பித்து வருகிறேன். கான்சாகிபு மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு 1763-லும் 1764-லும் நவாபின் படையையும் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையையும் எதிர்த்து நின்ற முற்றுகையை, வெஸ்னாத் என்ற கணினிப் போர் விளையாட்டில் ஒரு காட்சியாக (தனி ஆட்டமாக) என் மாணவர்களுக்காக எழுதியிருக்கிறேன். கோட்டையிலிருந்து வெளியேறும் குதிரைவீரன் ஒருவன் சோழவந்தானில் நெல் ஏற்றிக்கொண்டு, இருபது சுற்றுகளுக்குள் திரும்பி வந்து மேலவாசல் கட்டத்தில் நின்றால் வெற்றி என்று அமைத்துள்ளேன். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே இன்றும் நிற்கும் அந்தக் கோட்டைத் துண்டைத் தினமும் கடந்துபோகும் பிள்ளைகள், அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை விளையாடி உணர வேண்டும் என்பதே என் விருப்பம்.

சிக்கல் இதுதான். நான் விளையாடினால் ஒவ்வொரு முறையும் வெற்றி அறிவிக்கப்படுகிறது. மாணவர்கள் விளையாடும்போதோ, குதிரைவீரன் நெல்லோடு வாசலில் வந்து நின்ற பிறகும் எதுவும் நிகழ்வதில்லை. இருபதாவது சுற்று முடிந்ததும் தோல்வி என்று திரை சொல்கிறது. எட்டுப் பேர் விளையாடியதில் ஐந்து பேருக்கு இப்படி ஆயிற்று. சரியாக விளையாடிய பிள்ளைகள் தோற்றதாக எண்ணி முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குறிக்கோள் பட்டியலில் எல்லாம் சரியாகவே தெரிகிறது.

வடக்கு மாசி வீதி எழுதியது:

ஐயா, குறிக்கோள் பட்டியல் சரியாகத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அது விளையாடுபவருக்குக் காட்டப்படும் வாசகம் மட்டுமே. அங்கே எழுதியிருப்பதை விளையாட்டு ஒருபோதும் சரிபார்ப்பதில்லை. வெற்றியை அறிவிக்க வேண்டியது நீங்கள் எழுதிய நிகழ்வுதான், அதாவது 'இது நடந்தால் இதைச் செய்' என்று சொல்லும் கட்டளைத் தொகுப்புதான். எதிரித் தலைவர்கள் அனைவரும் வீழ்ந்தால் தானாகவே வெற்றி தரும் இயல்பான அமைப்பை நிறுத்தினீர்களா என்பதையும், அந்த வாசல் நிகழ்வு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

திருமங்கலம் ஆசிரியர் எழுதியது:

தானாக வெற்றி தரும் அமைப்பை நிறுத்திவிட்டேன். வாசல் நிகழ்வு, வீரன் ஒரு கட்டத்தில் வந்து நின்றதும் நடக்கும் 'மூவ்டு' வகையைச் சேர்ந்தது. யார், எங்கே நின்றால் அது நடக்க வேண்டும் என்று சொல்லும் வடிகட்டியில் எங்கள் அணி, வாசலின் கட்ட எண் ஆகிய இரண்டை மட்டும் கொடுத்துள்ளேன். நிகழ்வின் உள்ளே ஒரு நிபந்தனை இருக்கிறது: வந்து நிற்பது குதிரைவீரன் வகை வீரனாக இருந்து, நெல் ஏற்றியாயிற்றா என்பதைக் குறித்து வைக்கும் 'நெல்' என்ற மாறியின் மதிப்பு 'ஆம்' என்றும் இருந்தால் வெற்றி, இல்லையென்றால் காவலன், "நெல் இல்லாமல் திரும்பி வந்தாயோ?" என்று கேட்பான். நேற்று நிகழ்வின் சில வரிகளை மாற்றி எழுதிவிட்டு, மாணவி ஒருத்தியின் சேமிப்புக் கோப்பைப் பதினேழாவது சுற்றிலிருந்து திறந்து பார்த்தேன். எந்த மாற்றமும் தெரியவில்லை.

வடக்கு மாசி வீதி எழுதியது:

அந்தச் சேமிப்பில் மாற்றம் தெரியாது, ஐயா. காட்சியின் நடுவில் சேமித்த கோப்பு, அந்த நேரத்து நிகழ்வுகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். நீங்கள் புதிதாக எழுதிய வரிகளை அது படிக்காது. காட்சியை முதல் சுற்றிலிருந்து தொடங்கித்தான் சோதிக்க வேண்டும். கட்ட எண் ஒன்று தள்ளிப் போயிருக்கலாம் என்பது என் ஐயம்.

பரவை அண்ணன் எழுதியது:

கட்ட எண் தவறாக இருந்தால் ஆசிரியருக்கும் வெற்றி கிடைத்திருக்காதே, தம்பி. அவருக்கு எப்போதும் கிடைத்து, பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் கிடைக்காமல் போகிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, அந்தக் காவலன் பேசும் வசனத்தைத் தோற்ற மாணவர்கள் விளையாட்டின் தொடக்கத்திலேயே கண்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். கண்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன். காட்சியை எழுதியவர் என்பதால் நீங்கள் குதிரைவீரனை நேராகச் சோழவந்தானுக்கு அனுப்பி, நெல்லோடுதான் வாசலுக்குக் கொண்டு வருகிறீர்கள். பிள்ளைகளோ, முற்றுகை நடக்கும்போது வாசலைக் காக்காமல் விடலாமா என்று சரியாகவே யோசித்து, முதல் சில சுற்றுகளிலேயே ஒரு காலாள் வீரனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். அவன் நின்ற கணத்தில் உங்கள் நிகழ்வு நடந்துவிட்டது. உள்ளே இருந்த நிபந்தனை பொய்யானதால் காவலன் பேசினான், வெற்றி வரவில்லை. ஆனால் 'ஒருமுறை மட்டும்' என்பதே நிகழ்வுகளின் இயல்பு. வேறுவிதமாக எழுதாதவரை, நடந்து முடிந்த நிகழ்வு அழிந்துபோகும். பின்னால் குதிரைவீரன் நெல்லோடு வந்து நிற்கும்போது அவனை வரவேற்க நிகழ்வே அங்கே இருக்காது. அந்தக் கட்டத்தின் வழியாகக் கடந்து போவதால் இது நேராது. வீரன் அங்கே நகர்வை முடித்தால்தான் 'மூவ்டு' நடக்கும். அதனால்தான் எட்டில் மூன்று பேர் தப்பியிருக்கிறார்கள்.

என் ஊகத்தை நம்ப வேண்டியதில்லை, சோதித்துவிடலாம். சேமிப்புக் கோப்பு என்பது சுருக்கி வைக்கப்பட்ட எழுத்துக் கோப்புதான். அந்த மாணவியின் கோப்பை விரித்து, சேமித்த நேரத்து நிலையைக் காட்டும் 'ஸ்னாப்ஷாட்' பகுதிக்குள் காவலனின் வசனத்தைத் தேடுங்கள். நான் சொன்னது சரியென்றால், நிகழ்வுகளுக்கு நடுவே அது இருக்காது.

நிகழ்வில் 'ஃபர்ஸ்ட் டைம் ஒன்லி' (ஒருமுறை மட்டும்) என்பதற்கு 'இல்லை' என்று கொடுத்தாலும் சரியாகும். ஆனால் யார் வாசலில் நின்றாலும் காவலன் ஒவ்வொரு முறையும் அதையே கேட்டுக்கொண்டிருப்பான். ஆகவே, நெல் பற்றிய நிபந்தனையை உள்ளேயிருந்து எடுத்து, நிகழ்வின் தலைப்பகுதியில் 'ஃபில்டர் கண்டிஷன்' (வடிகட்டும் நிபந்தனை) ஆக வைக்கும்படி பரிந்துரைக்கிறேன். அப்படி வைத்தால் நிபந்தனை நிறைவேறாத வரையில் நிகழ்வு நடக்கவே செய்யாது. நடக்காததால் அழியவும் செய்யாது. குதிரைவீரன் என்ற சோதனையையும் மேலே உள்ள வடிகட்டிக்கே கொண்டுபோய்விடுங்கள். காவலனின் வசனம் வேண்டுமென்றால் அதற்குத் தனி நிகழ்வு எழுதிக்கொள்ளலாம்.

திருமங்கலம் ஆசிரியர் எழுதியது:

கோப்பை விரித்துத் தேடினேன். நீங்கள் சொன்னபடியே அந்தப் பகுதியில் வசனம் இல்லை. மாணவர்களிடமும் விசாரித்தேன்; தோற்ற ஐவருமே நான்காவது சுற்றுக்குள் வாசலில் காவல் நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல தந்திரத்துக்கு நான் தோல்வியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. நிபந்தனைகளை மேலே மாற்றிவிட்டு முதல் சுற்றிலிருந்து விளையாட வைத்தேன். இம்முறை ஏழு பேருக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. ஒரு மாணவனுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. விளையாட்டுக்குள் கட்டளைகளைத் தட்டும் கன்சோலில் பிழைதிருத்த நிலைக்குச் சென்று மாறிகளைப் பார்த்தேன். 'நெல்' என்பதன் மதிப்பு 'ஆம்' என்றே இருக்கிறது.

பரவை அண்ணன் எழுதியது:

அந்த மாணவனின் குதிரைவீரன் வழியில் நிறையச் சண்டையிட்டு அடுத்த நிலைக்கு உயர்ந்துவிட்டானா என்று பாருங்கள். குதிரைவீரன் தரம் உயர்ந்தால் 'நைட்' ஆகவோ 'லான்சர்' ஆகவோ மாறிவிடுவான். அதன் பிறகு 'ஹார்ஸ்மேன்' (குதிரைவீரன்) வகை என்று கேட்கும் வடிகட்டிக்கு அவன் அந்நியன். காட்சியின் தொடக்கத்திலேயே அவனுக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, வகைக்குப் பதிலாக அந்தப் பெயரைக் கொண்டு வடிகட்டுங்கள். எத்தனை முறை தரம் உயர்ந்தாலும் அடையாளப் பெயர் மாறாது.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். நெல்லைச் சுமப்பவன் வழியிலேயே இறந்துபோனால், வெல்லவே வழியில்லாமல் பிள்ளைகள் இருபது சுற்றுவரை காத்திருக்க நேரும். அவன் இறக்கும்போது உடனே தோல்வியை அறிவிக்கும் நிகழ்வு ஒன்றை எழுதி, அதைக் குறிக்கோள் பட்டியலிலும் குறிப்பிட்டுவிடுங்கள்.

திருமங்கலம் ஆசிரியர் எழுதியது:

அவன் 'லான்சர்' ஆகியிருந்தான். அடையாளப் பெயரைக் கொண்டு வடிகட்டிய பின், அதே மாணவன் வேண்டுமென்றே குதிரைவீரனைத் தரம் உயர்த்தி, வாசலில் இரண்டு காலாட்களை மாறி மாறி நிறுத்தி, பத்தொன்பதாவது சுற்றில் நெல்லைக் கொண்டு வந்து சேர்த்தான், வெற்றி அறிவிக்கப்பட்டது. குதிரைவீரன் இறந்தால் தோல்வி என்ற நிகழ்வையும் சேர்த்துவிட்டேன். இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.