சோலார் பூட்டின பிறகு கரண்ட் பில் கூடி வந்த கதை

அம்மாட வீடு வெள்ளவத்தையில, பிளட் இல்லை, பழைய தனி வீடு. 2022 ஆகஸ்ட்ல கரண்ட் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறி, 2023 பெப்ரவரில திரும்ப 66 வீதம் ஏற, சோலார்க்காரர் வீடு வீடா வரத் தொடங்கிட்டாங்கள். ஒரு கம்பனிப் பொடியன் "அன்ரி இனி பில்லே இல்லை, மாசாமாசம் உங்கட எக்கவுண்டுக்குக் காசு விழும்" எண்டு நல்ல தமிழில சொல்ல, அம்மா கையெழுத்து வைச்சிட்டா. ஃபோர்ம் முழுக்க இங்கிலிஷ், டிக் பண்ணியிருந்தது நெட் மீட்டரிங்குக்கு. அதில ஒரு சதமும் கைக்கு வராது, மிச்ச யூனிட் அடுத்த மாசத்துக்குப் போகும், அவ்வளவுதான். காசு வாறது நெட் அக்கவுண்டிங்லயும் (பாவிச்சது போக மிச்ச யூனிட்டுக்குக் காசு) நெட் பிளஸ்லயும் (உண்டாகிற கரண்ட் முழுக்க விக்கிறது). ஒரு யூனிட்டுக்கு எண்டு அவன் காட்டின 22 ரூபாவும் 2016ல சூரிய பல சங்கிராமய எண்ட அரசாங்கக் கூரைச் சோலார் திட்டம் தொடங்கின காலத்து ரேட், அதுவும் முதல் 7 வருசத்துக்குத்தான், பிறகு 15.50. அந்த 15.50 பற்றி வாயே திறக்கேல்ல.

சரி அதை விடுங்கோ, பெரிய கூத்து பில்லில. ரெண்டு பக்கமும் எண்ணுற புது மீட்டர் வர முதலே, டெஸ்ட் பண்ணுறம் எண்டு சிஸ்டத்தைப் போட்டவங்கள் நிப்பாட்டாமலே போயிட்டாங்கள். சில பழைய டிஜிட்டல் மீட்டர் கரண்ட் உள்ள வந்தாலும் வெளிய போனாலும் பாவிச்சதாத்தான் எண்ணும். பகல்ல அம்மா தனிய, ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், மிச்சமெல்லாம் லைனுக்குப் போக அதையும் அம்மாட கணக்கில ஏத்தி, யூனிட் 180ஐத் தாண்டி, ஆகக் கூடின ரேட்டில பில். கம்பனியைக் கேட்டா பில் எங்கட வேலை இல்லையாம். மின்சார ஒஃபிஸில, மீட்டர் சரி, காசைக் கட்டிப்போட்டுக் கதையுங்கோ எண்டாங்கள். கவுண்டர்ல இருந்த மனுசி நிமிர்ந்துகூடப் பார்க்கேல்ல.

கடைசியாக் கைகுடுத்தது இன்வர்ட்டர்ட (சோலார் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி) ஃபோன் அப். எந்த நாள் எத்தினை யூனிட் உண்டாச்சு எண்டு அதில கிடக்கு. அந்தக் கணக்கு, மீட்டர் மாத்தின திகதி, போன வருசம் அதே மாசத்துப் பில், எல்லாத்தையும் வைச்சு எழுத்தில முறைப்பாடு குடுத்து, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு கொப்பி போட்டம். பிறகுதான் ஆக்கள் வந்து பார்த்து, கூடப் போட்டதை அடுத்த பில்லுகளில கழிச்சவை. வாயால கதைச்ச ஒண்டுக்கும் பதில் வரேல்ல, பதிவுத் தபாலுக்குத்தான் வந்தது.

---

அக்கா, எங்கட மாமாக்கும் இதே ஆட்டம்தான், அவருக்கு வேற கம்பனி. வித்தவன் பொய் சொன்னதுக்கு நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடிச்சுக் கேளுங்கோ, ஆனா முறைப்பாட்டை 3 மாசத்துக்குள்ள குடுக்கோணும். மற்றது பில்லில எத்தினை நாள் எண்டு போட்டிருக்கும் பாருங்கோ, மீட்டர் வாசிக்கப் பிந்தி வந்தா அந்த நாளுக்கேற்ற மாதிரி ரேட் மாறுற யூனிட் எல்லையும் கூடோணும், மாமா கல்குலேட்டரோட இருந்து ஒவ்வொரு மாசமும் பார்ப்பார், மாமிக்குத்தான் விசர்.

---

நாள் சரியாத்தான் போட்டிருக்கு தம்பி, இப்பதான் பார்த்தன். 3 மாசம் எப்பவோ தாண்டிட்டுது. நெட் அக்கவுண்டிங்குக்கு மாத்தித் தரச்சொல்லி விண்ணப்பம் குடுத்திருக்கிறம், இன்னும் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பொடியன்ட நம்பரும் வேலை செய்யேல்ல, பாங்க் லோன் தவணை மட்டும் மாசாமாசம் பிசகாம வெட்டுறாங்கள்.