சேலத்தில் ஐந்தாயிரத்துக்குள் ஒரிஜினல் பெர்சியன் பூனை கிடைக்குமா?

கேள்வி: தறிவீடு, அம்மாபேட்டை

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஒரு வருடமாகப் பெர்சியன் பூனை கேட்டுக்கொண்டே இருக்கிறாள், முழுப் பரீட்சை முடியட்டும் பார்க்கலாம் என்று நானும் சொல்லி வைத்தேன், இப்போது பரீட்சை முடிந்துவிட்டது, பேச்சை மாற்ற முடியாது. என்னால் முடிந்தது ஐந்தாயிரம். ஒரு கடையில் பன்னிரண்டாயிரம் சொன்னார்கள், விலையை விடுங்கள், அந்தக் குட்டி இரண்டு கண்ணிலும் பீளை கட்டி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது, என் மகள் விரலை நீட்டியபோதுகூடத் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் ஆன்லைனில் வேறு மாநிலத்துக்காரர் ஒருவர் 4,000 ரூபாய்க்கு ரயிலில் அனுப்புகிறேன் என்றார். ஆயிரம் முன்பணம் போட்டேன். மறுநாள் பெட்டிக்கும் இன்சூரன்சுக்கும் 2,500 கேட்டார், தர முடியாது என்றதும் போனை எடுப்பதே இல்லை. ஏமாந்தது வலிக்கிறது.

யாராவது தத்து கொடுப்பார்களா? ஒரிஜினல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் வீட்டில் முன்பக்கம் தறி, பின்பக்கம் நாங்கள் இருக்கிறோம். ஏசி கிடையாது. இந்த வெயிலை அது தாங்குமா?

பதில் 1: கன்னங்குறிச்சி அக்கா

முதலில் அந்த ஆயிரத்துக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள் மா, சின்னத் தொகைதானே என்று விட வேண்டாம், அதே ஆள் இன்னும் பத்துப் பேரிடம் வாங்கிக்கொண்டிருப்பார். இனிமேல் பூனையைக் கையில் தூக்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஐந்தாயிரத்துக்கு நல்ல குட்டி கிடைப்பது கஷ்டம். ஆனால் குட்டிதான் வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நான்கைந்து வயதுப் பூனை கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு வேலை, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, கைக்குழந்தை வந்துவிட்டது என்று எத்தனையோ காரணத்தால் வளர்ந்த பெர்சியனை நல்ல வீட்டுக்குக் கொடுத்தால் போதும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டி போட வைத்து விற்கிறவர்களும் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேல் தாய்ப்பூனையைக் குட்டி போட விடாமல் நிறுத்திவிட்டுக் குறைந்த விலைக்குத் தருவார்கள். நான் அப்படித்தான் இரண்டு எடுத்தேன், ஒன்றுக்கு 1,500 கொடுத்தேன், இன்னொன்று சும்மாவே வந்தது. சேலத்தில் நாய் பூனை பார்க்கிற டாக்டர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். எந்த வீட்டில் பூனையை விடப் போகிறார்கள் என்பது முதலில் அவர்கள் காதுக்குத்தான் வரும்.

பெரிய பூனையில் இன்னொரு நன்மை உண்டு. பெர்சியன் பரம்பரையில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருகிற நோய் இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்கு வரும். சின்னக் குட்டியில் ஸ்கேன் எடுத்தாலும் பிடிபடாமல் போகலாம், வளர்ந்த பூனையில் தெரிந்துவிடும்.

ஒரிஜினல் என்றால் உண்மையில் பரம்பரைச் சான்றிதழ்தான். 1906இல் தொடங்கிய, பூனைகளின் பரம்பரையைப் பதிவு செய்கிற அமெரிக்காவின் சி.எஃப்.ஏ. மாதிரி அமைப்புகளில் பதிவான தாய் தகப்பனுக்குப் பிறந்திருக்க வேண்டும். நம் ஊரில் விற்கிற டால் ஃபேஸ் (மூக்கு எடுப்பாகத் தெரிவது), செமி பஞ்ச் (மூக்கு பாதி அமுங்கியது) பெரும்பாலும் காகிதம் இல்லாதவை, முடி நீளமாக இருந்தால் பெர்சியன் என்றுதான் சொல்வார்கள். மகளுக்கு அதெல்லாம் முக்கியமா என்று கேளுங்கள், காகிதம் இல்லாவிட்டாலும் பூனை பூனைதான். நீலக் கண் என்று விலை ஏற்றினால் மட்டும் நம்பாதீர்கள், எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலம்தான், ஆறு ஏழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடையில் விற்கக் கூடாது என்று 2018ஆம் வருட விதியே இருக்கிறது.

பதில் 2: ஜரிகை, அம்மாபேட்டை

நானும் தறிக்காரன் வீடுதான், அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெயிலை விட உங்கள் வீட்டில் நூல்தான் ஆபத்து. எங்கள் பூனை கழிவு நூலை விளையாட்டாக மென்று விழுங்கிவிட்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது, வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்கு அடியில் சிவப்புப் பட்டு ஒரு சுற்று சுற்றியிருந்தது, மறு நுனி குடலுக்குள் போயிருந்தது. என் தம்பி இழுக்கப் போனான், நல்ல வேளை என் மனைவி கையைப் பிடித்தாள். இழுத்திருந்தால் உள்ளே குடல் அறுந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நூல் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டதும் குடல் பாவாடை நாடா சுருக்கின மாதிரி கொசுவிக்கொள்ளுமாம். நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போய் ஆபரேஷன் செய்தோம், பிழைத்துவிட்டது. வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

தறி இருக்கிற அறைக்குக் கதவு இருக்கிறதா? இல்லாவிட்டால் ஐந்தாயிரத்தில் முதலில் ஒரு வலைக்கதவு போடுங்கள், பூனை அப்புறம்.

பதில் 3: மலைக்காற்று, ஏற்காடு

நாட்டுப் பூனைக் குட்டி ஒன்று எடுக்கலாமே, இங்கே ஒண்டிக்கடைப் பக்கமே நாலைந்து திரிகின்றன. முடி சீவுகிற வேலை இல்லை, வெயிலும் தாங்கும். பெர்சியன்தான் என்றால் வாங்குவதற்கு முன் காது ஓரம், மூக்கு, கால் விரல் இடுக்கு எல்லாம் விலக்கிப் பாருங்கள். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது வீட்டில் பிள்ளைகளுக்கும் ஒட்டும். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வந்தது.

பதில் 4: சூரமங்கலம் ஆறுமணி

சகோதரி, என் தங்கை குடும்பம் அடுத்த மாதம் மஸ்கட் போகிறது. அவர்களிடம் ஐந்து வயதுப் பெண் பூனை இருக்கிறது, சாம்பல் நிறம், டால் ஃபேஸ், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, தடுப்பூசி அட்டை இருக்கிறது. பணம் வேண்டாம். ஆனால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் தங்கை பத்து நாள் ஊருக்குப் போயிருந்தாள், அந்தப் பத்து நாள் யாரும் சீவவில்லை. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி சிக்கி, கம்பளித் துண்டு மாதிரி தடித்துவிட்டது. கத்தரிக்கோல் வைக்கப் பார்த்தேன், முடிச்சோடு தோலும் சேர்ந்து எழும்பி வருகிறது, கை நடுங்கி வைத்துவிட்டேன். கடைசியில் டாக்டரிடம் மிஷின் போட்டு எடுத்தோம். ஆகவே தினமும் பத்து நிமிடம் இரும்புச் சீப்பில் சீவ உங்கள் மகளால் முடியுமா என்று அவளிடமே கேளுங்கள், கண் ஓரத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

வெயில் தாங்குமா என்று கேட்டீர்கள். தங்கை வீட்டிலும் ஏசி இல்லை. மதியம் முழுக்க அது பாத்ரூம் வாசலில் காவித் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், ஃபேன் ஓட வேண்டும், மூன்று இடத்தில் தண்ணீர் வைத்திருப்போம். மேலே தகரம் போட்ட அறை என்றால் வேண்டாம். நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து, அதன் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு உடனே டாக்டரிடம் கிளம்ப வேண்டும்.

சாப்பாட்டுக்குத் தயிர்ச்சோறு போதாது, பூனைக்குக் கறியோ மீனோ இல்லாமல் கண்ணும் இதயமும் கெட்டுவிடும். காய்ச்சல் மாதிரி தெரிந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

தறிவீடு, அம்மாபேட்டை

அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்களுடையது மெத்தை வீடு, தகரம் இல்லை. தறிக்கும் வீட்டுக்கும் நடுவில் வாசக்கால் இருக்கிறது, கதவுதான் இல்லை, ஜரிகை அண்ணன் சொன்னபடி வலைக்கதவுக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்துவிட்டோம், சனிக்கிழமை மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். ஏற்காடு அண்ணன் சொன்னதும் சரிதான், ஆனால் இந்தப் பூனைக்கு இப்போது ஒரு வீடு வேண்டும், எங்கள் மகளும் அதைத்தான் சொல்கிறாள். சீப்பைப் பற்றிக் கேட்டேன், காலையில் தனக்குத் தலை பின்னுகிற நேரத்திலேயே அதற்கும் சீவிவிடுகிறேன் என்கிறாள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வரலாமா? அதன் பெயர் என்ன?

சூரமங்கலம் ஆறுமணி

வாருங்கள். பெயர் செல்லம்மா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது மகளின் பழைய தலையணை உறை ஒன்று, துவைக்காமல் கொண்டு வாருங்கள். ஒரு வாரம் அதன் கூடையில் போட்டு வைக்கிறோம், வாசனை பழகட்டும். அதற்கடுத்த ஞாயிறு தூக்கிக்கொண்டு போகலாம்.