ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 66 வயது. போன சம்பா நடவு சமயத்தில் நெஞ்சுவலி வந்து தஞ்சாவூரில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு பாட்டில் சிபிடி எண்ணெய் கொடுத்திருக்கிறான். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்ததாம், போதை வராதாம், இதயத்தைக் காக்குமாம். 30 மில்லியில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. தினமும் பத்து சொட்டு விடச் சொல்கிறான். மாத்திரை என்றாலே முகம் சுளிக்கும் அப்பா இதை மட்டும் ஆசையாகக் கேட்கிறார். டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் போகிறோம். அதுவரை கொடுக்கலாமா?

திருவாரூர் ரவி:
தாராளமாகக் கொடுங்கள். செடியில் வருவதுதானே, நம் பாட்டன்மார்கள் லேகியத்தில் சேர்த்ததுதான். நான் தூக்கத்துக்கு எடுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

குடந்தை மருந்துக்கடை அக்கா:
ரவி சார், உங்களுக்கு ஒத்துக்கொண்டது சரி. ஆனால் நீங்கள் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் இல்லையே.

தம்பி, டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம். குளோபிடோக்ரெல் விழுங்கியவுடன் வேலை செய்கிற மருந்து இல்லை. கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்கும். அந்த நொதியைத்தான் சிபிடி மட்டுப்படுத்துகிறது. இதே காரணத்துக்காகத்தான் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வயிற்றெரிச்சல் என்று வந்தால் ஒமிப்ரசோல் தராமல் பான்டோப்ரசோல் பக்கம் போகிறோம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மறுபடி மாரடைப்புதான். பத்து சொட்டில் எவ்வளவு மட்டுப்படும் என்று வீட்டில் வைத்து அளக்க முடியாது. அடோர்வாஸ்டாடினைச் சிதைக்கும் நொதி வேறு, ஆனால் அதையும் சிபிடி மட்டுப்படுத்தக்கூடும். அதிக அளவில் எடுத்தால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவுகள் ஏறுவதும் தெரிந்த விஷயம்.

இதயத்தைக் காக்கும் என்பது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்கு சிபிடி கொடுத்தபோது இதயத் தசையில் அழற்சியும் தழும்பும் குறைந்தன. 2010இல் வந்த ஆய்வு அது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழற்சிக்கும், இதயத் தசை அழற்சிக்கும் நோயாளிகளிடமே சோதனை நடத்தியிருக்கிறார்கள். அது மருந்துத் தரத்தில் தயாரித்து, டாக்டர் கண் முன்னால் கொடுப்பது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அடைப்பு வராமல் தடுக்கும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்றும் உங்கள் தம்பி சொல்லியிருப்பார். 2017இல் வந்த இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான ஒன்பது ஆண்களுக்கு ஒரே வேளையாக 600 மில்லிகிராம் கொடுத்தார்கள். மேல் அழுத்தம் சுமார் 6 புள்ளி இறங்கியது, இதயத் துடிப்பு கூடியது. உங்கள் பாட்டிலில் 600 மில்லிகிராம் வேண்டுமென்றால் 18 மில்லி குடிக்க வேண்டும். பத்து சொட்டில் 17 மில்லிகிராம் வந்தாலே அதிகம். பலன் சொன்ன அளவு ஒன்று, பாட்டில் சொல்லும் அளவு வேறு. அதே ஆராய்ச்சியாளர்கள் பிறகு ஏழு நாள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது, ஓய்வில் இருக்கும்போது தெரிந்த அந்த இறக்கம் நிலைக்கவில்லை.

அப்புறம், எண்ணெயில் டிஎச்சி கலந்திருந்தால் அது வேறு கதை. போதை தரும் பொருள் அதுதான், இதயத் துடிப்பை ஏற்றும். கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகும் என்று 2001இலேயே அமெரிக்காவில் ஆய்வு வந்திருக்கிறது. சொட்டு மருந்து புகை இல்லைதான், ஆனாலும் இதய நோயாளிக்கு அந்தப் பொருளே ஆகாது.

சட்டத்தையும் பாருங்கள். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடியின் பூவும் பிசினும் போதைப்பொருள். இலை அந்த வரையறையில் இல்லை, அதனால்தான் ஆயுர்வேதத்தில் விஜயா என்று இலைச் சரக்கு விற்கிறார்கள். வெளிநாட்டு எண்ணெய் செடியின் எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி அக்கா. பாட்டிலை எடுத்து மறைத்துவிட்டேன். அதே செடியின் விதை என்று கொஞ்சம் கொடுத்தான், அதுவும் ஆகாதா?

குடந்தை மருந்துக்கடை அக்கா:
விதை உணவுதான், அதில் சிபிடி பேருக்குக்கூட இருக்காது. எள்ளுப் பொடி மாதிரி சோற்றில் போட்டுக்கொள்ளலாம். பாட்டிலை மறைத்து வைத்தால் போதாது. அடுத்த மாதம் போகும்போது லேபிளோடு டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குள் இரண்டு சொட்டு விட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். குளோபிடோக்ரெலை மட்டும் ஒரு நாள்கூட விடாமல் கொடுங்கள், வயலுக்குப் போகிற நாளிலும்தான்.