கைக்குழந்தையிடம் கொஞ்சிப் பேசினால் பேச்சு வரத் தாமதமாகுமா?

புது அம்மா:
மகளுக்குப் பத்து மாதம். அவளைத் தூக்கினாலே என் குரல் தானாக ராகம் போட ஆரம்பித்துவிடும். "பெரியவர்களிடம் பேசுவது மாதிரிப் பேசு, இல்லையென்றால் பேச்சு வர நாளாகும்" என்கிறார் கணவர். எது சரி?

தாத்தா64:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி அம்மா. என் பேரனிடம் எல்லோரும் "தெல்லம், பந்து எங்க போத்து?" என்றே பேசினார்கள். மூன்று வயதிலும் "போத்து" என்றுதான் சொன்னான். காதில் விழுவதுதானே வாயில் வரும்?

ஒலியன்:
ஐயா, இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. குரலை ஏற்றி, இழுத்து, "பந்தூ எங்கே?" என்று கேட்பது ஒன்று. சொல்லையே சிதைப்பது வேறு. முதலாவது நல்லது. நாம் வழக்கமாகப் பேசும் வேகத்தில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று குழந்தைக்கு எளிதில் பிடிபடாது. இழுத்து நிறுத்திச் சொன்னால் சுலபமாகப் பிடிபடும். அப்புறம், மூன்று வயதில் சில ஒலிகள் தடுமாறுவது பல குழந்தைகளுக்கு இயல்பு. அதற்காக வீட்டாரைக் குறை சொல்ல வேண்டாம்.

தாத்தா64:
சிதைத்த ஒலியையே கேட்டு வளர்ந்தால் காது எப்படித் தம்பி பழகும்?

ஒலியன்:
அந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொடுகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு 6 முதல் 8 மாதத்தில் இந்தி மொழியின் 'ட', 'த' வேறுபாடு தெரிந்தது. 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலும் மங்கிவிட்டது, அவர்கள் வீட்டு மொழியில் அந்த வேறுபாடு இல்லாததால். நமக்கு 'பட்டு' வேறு, 'பத்து' வேறு. ஆகவே ராகம் இருக்கட்டும், சொல் முழுசாக இருக்கட்டும்.

இரட்டையர் அப்பா:
இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேச யாருக்கு நேரம்? நான் காணொளிப் பாட்டுப் போட்டுவிடுகிறேன். உச்சரிப்பு எங்களைவிடச் சுத்தம்.

ஒலியன்:
சுத்தமாக இருந்தும் பயன் இல்லை என்பதுதான் வருத்தம். பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மாண்டரின் மொழியைக் கேட்க வைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்களுக்கும் ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கும் ஒன்றும் ஏறவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் சொல்லிவிட்டது.

இரட்டையர் அப்பா:
சொல்வது எளிது. இராத்திரி வேலை முடிந்து வருகிறவனுக்கு வாயைத் திறக்கவே தெம்பு இருக்காது.

புது அம்மா:
அண்ணா, அதிகம் பேசவே தேவையில்லை போலிருக்கிறது. காலையில் சட்டை மாற்றும்போது "கை எங்கே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வழக்கமாக நானே பதிலையும் சொல்லிவிடுவேன். ஐந்தாறு நொடி என் உதட்டையே பார்த்தாள். பிறகு "த்தா" என்று கையை நீட்டினாள். இவ்வளவு நாளும் அவள் முறை வரும்முன் நானே பேசியிருக்கிறேன்!

தாத்தா64:
இது நன்றாக இருக்கிறது அம்மா. ஆனாலும் 'போத்து' கூடவே கூடாது.

இரட்டையர் அப்பா:
ஒன்று கேட்கிறேன். பெரியவன் "பாபாபா, தாதாதா" என்று ஓயாமல் சொல்கிறான். சின்னவன் சத்தம் போடுவான், ஆனால் அப்படி அடுக்கிச் சொல்வதில்லை. பதினொரு மாதம் ஆகிவிட்டது. பிறந்தபோது எடுத்த காது பரிசோதனையில் குறை இல்லை.

ஒலியன்:
அந்த அடுக்கொலி பொதுவாக 6, 7 மாதத்திலேயே தொடங்கிவிடும், 10 மாதம் தாண்டியும் வராவிட்டால் பார்க்க வேண்டும். பிறந்தபோது சரியாக இருந்த காது பிறகு மந்தமாவதும் உண்டு, நடுச்செவியில் நீர் கோத்தால்கூட. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, காதை மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். "பையன்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

தாத்தா64:
போய்வந்து இங்கே எழுதுங்கள் தம்பி. பார்த்துக்கொண்டே இருப்பேன்.